எஞ்சினுக்கு அடியில் ஈரம்

பாய்மரப் படகு என்றதும் காற்றை மட்டும் நம்பி ஓடுவது என்றுதான் நினைப்போம். ஆனால் இன்று நெடுங்கடல் ஓடும் பாய்ப்படகுகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் ஒரு சின்ன டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. காற்று படுத்துவிட்டால் அதுதான் கரை சேர்க்கும். துறைமுக நெரிசலில் படகைத் திருப்பவும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவும் அதுவே வேண்டும். அந்த எஞ்சினின் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் என்ன செய்வது?

எஞ்சினைக் குளிரவைக்கக் காருக்கு முன்னால் ரேடியேட்டர், அதில் மோத எதிர்காற்று. படகின் வயிற்றுக்குள் காற்று ஏது? அதனால் கடல்நீரையே உள்ளே இழுக்கிறார்கள். படகின் அடியில் ஒரு வால்வு, பிறகு ஒரு வடிகட்டி, அதன்பின் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் சுழலும் பம்ப். சூட்டை வாங்கிக்கொண்ட நீர் கடைசியில் புகைக்குழாயில் கலந்து, புகையோடு சேர்ந்து பின்பக்கம் கொட்டிவிடும். 1980களில் வந்து இன்னும் ஏராளமான படகுகளில் ஓடிக்கொண்டிருக்கும் யான்மார் ஜி.எம். வரிசை எஞ்சின்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கடல்நீரே எஞ்சினுக்குள் சுற்றும். பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், உள்ளே சுற்றுவது கூலன்ட். கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அந்தக் கூலன்ட்டைக் குளிரவைப்பதோடு சரி.

ஆகவே ஸ்பானரைத் தேடுமுன், கிடப்பது எந்தத் தண்ணீர் என்று தெரிய வேண்டும். வெள்ளைத் தாளில் ஒற்றி எடுங்கள். பச்சையோ சிவப்போ தெரிந்து, விரலில் வழுக்கினால் கூலன்ட். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். அதில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். தித்திக்கிற விஷம் அது. தாள் காய்ந்தபின் உப்புப் பூத்தால் கடல்நீர். நிறமும் இல்லை, உப்பும் இல்லை என்றால் எஞ்சின்மேல் பழி போடாதீர்கள். மேல்தளத்து மூடி வழியே இறங்கிய மழைத் தண்ணீராக இருக்கலாம், குடிநீர்த் தொட்டியின் குழாயாகவும் இருக்கலாம்.

அடுத்த கேள்வி, எப்போது ஒழுகுகிறது? எஞ்சின் நிற்கும்போதும் கடல்நீர் சொட்டினால் முதலில் வால்வு, அதன் ஹோஸ், கிளிப்புகள், வடிகட்டி மூடி. ஓடும்போது மட்டும் என்றால் பெரும்பாலும் பம்பும் அதைத் தாண்டிய பாதையும். புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் பழைய பாணி கிளாண்ட் இருந்தால், தண்டு சுற்றும்போது அங்கே சில சொட்டு விழத்தான் வேண்டும். அது கோளாறு ஆகாது. சொட்டை நிறுத்துகிறேன் என்று இறுக்கினால் தண்டுதான் சூடேறித் தேயும்.

ஓட்டு வீட்டில் ஓடு உடைந்த இடம் ஒன்று, நீர் சொட்டும் இடம் வேறொன்று அல்லவா? இங்கேயும் அப்படியே. எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து, அடியில் செய்தித்தாள் விரித்துவிட்டு ஓட்டுங்கள். டார்ச் அடித்துப் பார்க்கும்போது பெல்ட் பக்கம் கையோ சட்டை நுனியோ போகக் கூடாது. இன்னொரு தடயம் எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சின் பெட்டி மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். பெல்ட்டுக்கு நேர் மேலே, கோடு கிழித்தாற்போல் உப்புப் புள்ளிகள் தெரிந்தால், பம்பிலிருந்து கசிந்ததைப் பெல்ட் வாரி இறைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த உப்புத்தண்ணீர் பக்கத்திலிருக்கும் ஆல்டர்னேட்டரையும் சும்மா விட்டிருக்காது.

பம்புக்கு வருவோம். அதன் உடம்பின் அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு துளை இருக்கும். கசிவு அங்கிருந்து வருவதைக் கண்டுபிடித்து, எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுக் கை கழுவுகிறவர்கள் உண்டு. இதைவிடக் கெட்ட வைத்தியம் கிடையாது. அந்தத் துளை, சீல் தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே தொழிற்சாலையில் போட்டது. அதை அடைத்தால் தண்ணீர் வெளியே வராது, தண்டு வழியாக உள்ளே போகும். பெல்ட்டில் ஓடும் பம்பில் பேரிங் துருப்பிடிக்கும். பல்சக்கரத்தில் நேரடியாக ஓடும் பம்பில், எஞ்சின் ஆயிலுக்கே கடல்நீர் போய்ச் சேரலாம். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் ஆபத்து, எஞ்சினை ஓட்டாதீர்கள். பம்ப் சீலுக்கு ஆகும் செலவை எஞ்சினைப் பிரித்து மாட்டும் செலவோடு வைத்துப் பாருங்கள். சீலை மாற்றும்போது தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால், அந்தத் தண்டில் புது சீலும் நிற்காது.

புகையும் நீரும் கலக்கும் வளைகுழாய் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே துருக்கறையும் கரியும் சேர்ந்து வழிந்திருந்தால், ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள். அந்த ஓட்டையில் தண்ணீர் மட்டும் வருவதில்லை, கார்பன் மோனாக்சைடும் வரும்.

சில சமயம் எங்குமே ஈரமில்லை, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போகும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஒரு குழல் ஓட்டையானால், சூடேறி அழுத்தம் கூடும்போது கூலன்ட் கடல்நீர்ப் பக்கம் புகுந்து, புகைக்குழாய் வழியே கடலுக்குப் போய்விடும். பல ஹீட் எக்ஸ்சேஞ்சர்களுக்குள் இருக்கும் துத்தநாகக் குச்சி தன்னை அரிக்கக் கொடுத்து மற்ற உலோகத்தைக் காக்கிறது. அது கரைந்து தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்ட படகுகளில் இந்தக் கோளாறு சீக்கிரம் வரும்.

இத்தனையும் சரிசெய்துவிட்டு எஞ்சினைக் கிளப்பும்போது இன்னொன்று. கிளம்பவில்லை என்று ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் கடல்நீரைப் புகைக்குழாயில் ஊற்றுகிறது, அதை வெளியே தள்ளப் புகை இல்லை. சைலன்சர் நிரம்பினால் நீர் திரும்பி சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதல் ஓரிரு முயற்சியில் கிளம்பாவிட்டால் அடியிலுள்ள கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள். எஞ்சின் பிடித்த உடனே திறந்துவிட வேண்டும், மறந்தால் நீரில்லாமல் ஓடும் இம்பெல்லர் சீக்கிரமே கருகிக் கிழிந்துவிடும். வால்வின் பிடியில் மாட்டிவைக்க ஒரு சிவப்புத் துணி வைத்துக்கொள்ளுங்கள். மூடியதும் அதைக் கழற்றிக் கொண்டுபோய் எஞ்சின் சாவியில் கட்டிவிடலாம்.