உத்தரமேரூரின் ஏரியும் கோயிற் சுவரும்



காஞ்சி மாநகருக்குத் தெற்கே, நெல்வயல்கள் சூழ அமைந்த சிற்றூர் உத்தரமேரூர். எட்டாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக எழுந்த இவ்வூரை வாழ்வித்தவை வான்மழையும் வயிரமேக தடாகம் என்னும் பேரேரியுமேயாம். ஏரி தூர்ந்தால் வயல் வறளும். வயல் வறண்டால் திருக்கோயிலில் திருவமுது குறையும். இதனை நன்குணர்ந்த முன்னோர், திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் பொன் வைத்தது போலவே ஏரியைத் தூர் வாருவதற்கும் பொன் வைத்தனர். நீர்நிலை காத்தலும் இறைபணியே என்பது அவர்தம் கொள்கை.

அப்பணியை நடத்துவார் யாவர்? விடையை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர் கூறுகின்றது. முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் அங்கே பொறிக்கப்பெற்றுள்ளன.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று, அனைவரும் கேட்க வாசிப்பான். ஒளிவு மறைவுக்கு அங்கே இடமேது? இவ்வாறு சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர்.

921 ஆம் ஆண்டின் விதிப்படி, வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், தூய ஒழுக்கமும் வேண்டும். இவை யாவற்றினும் கடுமையானது ஒன்று உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று, அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியராகார்.

இம்முறையிலும் குறையுண்டு. நிலமும் மறைக் கல்வியும் உடைய அந்தணர்க்கே சபை உரியதாயிருந்தது. ஏர் பிடித்த குடிமக்களுக்கு அதில் இடமில்லை. வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிட்டியது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பினாலேயாம்.

ஆயினும் அச்சுவர் புகட்டும் அறம் பழமையுறுவதன்று. பொதுப்பொருள் இறைவன் பொருள். அதனைக் கையாள்பவன் ஊரார் முன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். அதனாலன்றோ அவ்விதியை அரண்மனையில் வையாது, ஆண்டவன் சந்நிதியில் கல்லில் வெட்டினர்! விமானத்தில் கலசநீர் சொரியும் இந்நன்னாளில், கொடுப்போர் உள்ளமும் நடத்துவோர் கையும் ஒருங்கே தூய்மை பெறுக. கோயில் பொலிக, ஏரி நிறைக, ஊர் வாழ்க.