எல்லாருக்கும் கணினி



விண்டோஸ் கணினியின் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்திப் பாருங்கள். திரையில் ஒரு கேள்வி தோன்றும். பலர் அதைத் தொல்லை என்று நினைத்து மூடிவிடுவார்கள். ஆனால், ஒரு கை மட்டுமே உள்ளவருக்கும் வாயில் குச்சியைக் கவ்வித் தட்டச்சு செய்பவருக்கும் அதுவே வாசற்கதவு. ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய இரண்டு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த அது வழி செய்கிறது.

இந்த வசதிக்குப் பின்னால் நிற்கும் ஆய்வாளர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் கிரெக் வாண்டர்ஹைடன். 1971-ஆம் ஆண்டு அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாணவர். அப்போது பெருமூளை வாதத்தால் பேச இயலாத ஒரு சிறுவனைப் பற்றி அவருக்குத் தெரியவந்தது. மரப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சுட்டிக்காட்டித்தான் அவன் தன் எண்ணத்தைச் சொல்ல முடிந்தது. அருகில் இருந்து பார்க்க ஆளில்லை என்றால் அவன் சொல்ல நினைத்தது மனத்திலேயே நின்றுவிடும். சுட்டிய எழுத்தைத் தானே பதிவு செய்யும் பலகையை வாண்டர்ஹைடன் நண்பர்களுடன் உருவாக்கினார். அதிலிருந்து பிறந்ததே டிரேஸ் ஆய்வு மையம்.

தனிக்கருவிகள் விலை மிகுந்தவை, சிலரையே சென்றடையும். கணினி எங்கும் பரவத் தொடங்கியதும் அவருடைய ஆய்வு திசை மாறியது. எல்லாரும் வாங்கும் சாதாரணக் கணினியிலேயே இத்தகைய வசதிகள் உள்ளடங்கியிருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1980-களின் பிற்பகுதியில் ஆப்பிள் கணினியிலும், 1995-இல் விண்டோஸ் 95-இலும் அவை இடம்பெற்றன. எண் விசைகளால் சுட்டியை நகர்த்தும் வசதியும் அவற்றுள் ஒன்று.

அடுத்து வந்தது இணையம். படத்திற்கு எழுத்து விளக்கம் இல்லையென்றால், பார்வையற்றவரின் திரைவாசிப்பு மென்பொருளால் அதைச் சொல்ல முடியாது. 1999-இல் வெளிவந்த இணைய அணுகல் வழிகாட்டியின் தொகுப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பு, 2012-இல் அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

நேயர்களே, கை நடுக்கமும் பார்வை மங்கலும் முதுமையில் நம்மையும் தேடி வரும். உங்கள் ஆலயத்திற்கோ சங்கத்திற்கோ அகப்பக்கம் அமைக்கும்போது, சுட்டியைத் தொடாமல் விசைகளால் மட்டும் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் உடற்பேறு குறைந்த ஒருவர் உங்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்.