மரத்துக்கு வழிவிடும் சுவர்

நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில், ஹட்சன் பள்ளத்தாக்கில், ஸ்டார்ம் கிங் கலை மையம் இருக்கிறது. 1960இல் தொடங்கப்பட்ட அந்தத் திறந்தவெளிச் சிற்பவளாகத்தில், பிரிட்டிஷ் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வர்தி 1997, 1998ஆம் ஆண்டுகளில் எழுப்பிய கல்சுவரின் நீளம் 2,278 அடி.

அமெரிக்காவின் வடகிழக்கில் நிலம் திருத்திய உழவர்களுக்குக் கல் பொறுக்குவதே பெரும்பாடு. பனியாறுகள் விட்டுச்சென்ற கற்கள், உறைபனி தள்ளத் தள்ள மண்ணுக்கு மேலே வந்துகொண்டே இருக்கும். பொறுக்கிய கற்களை வயலோரம் அடுக்கினார்கள். அதுவே வேலியும் ஆனது. பின்னாளில் உழவு கைவிடப்பட்டபோது சுவர்கள் சரிந்தன, அவற்றையொட்டி மரங்கள் முளைத்தன. அப்படிச் சரிந்து கிடந்த பழைய சுவர் ஒன்றின் தடத்திலிருந்து பிறந்ததுதான் கோல்ட்ஸ்வர்தியின் சுவர். ஆனால் அது நேராகப் போவதில்லை. ஒரு மரத்தை இப்பக்கம் சுற்றி, அடுத்த மரத்தை அப்பக்கம் சுற்றி நெளிகிறது. மரத்தை வெட்டிக் கழனி கண்டவர்களின் வேலி, இங்கே மரத்துக்கு வழிவிடுகிறது. இதே கற்களை இதே நெளிவில் வேறோர் ஊரில் அடுக்கினால், நெளிவதற்குக் காரணமே இராது.

கற்கள் அந்த வளாகத்திலேயே திரட்டியவை. அடுக்கியவர்கள் பிரிட்டனிலிருந்து வந்த கைதேர்ந்த கல்கட்டுத் தொழிலாளர்கள். சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இரு முகத்திலும் பெரிய கற்களைச் சற்றே உட்சாய்வாக அடுக்கி, நடுவில் சிறுகற்களை இறுக்கி, இடையிடையே நீண்ட கல்லைக் குறுக்கே கிடத்தி இரு முகங்களையும் பிணைப்பது இத்தகைய கட்டின் பொது முறை. உச்சியில் வைக்கும் கற்களின் பாரம் அனைத்தையும் அழுத்திப் பிடிக்கும். இடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடும். உறைபனியில் நிலம் புடைத்தாலும் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சாந்து வைத்துக் கட்டியிருந்தால் விரிசல்தான் விடும்.

முதலில் நினைத்தது 750 அடி மட்டுமே. சுவர் சரிவில் இறங்கிக் குளத்தை எட்டியதும், நீருக்குள் புகுந்து அக்கரையில் எழுவதே பொருத்தம் என்று பட்டது. அங்கிருந்து மேடேறி, வளாகத்தின் மேற்கு எல்லையில் நெடுஞ்சாலையருகே முடிகிறது. இக்கடைசிப் பகுதி ஏறக்குறைய நேர்க்கோடு. காட்டு நெளிவை ரசித்த கண்ணுக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் சுற்றிப்போக மரமில்லாத வெளியில் வளைந்திருந்தால் அது வெறும் அலங்காரம்.

2010இல் கோல்ட்ஸ்வர்தி அதே வளாகத்தில் இன்னொரு சுவரும் எழுப்பினார். அதன் பெயரே வேலைக்கணக்கு: ‘ஐந்து ஆட்கள், பதினேழு நாட்கள், பதினைந்து பாறைகள், ஒரு சுவர்’.