உயர்கணக்கா, வணிகக் கணக்கா?

(போடிநாயக்கனூரில், பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றிய உரை)



தேர்வு முடிவு வந்துவிட்டது. மேனிலைப் பள்ளியில் எப்பிரிவில் சேர்வது என வீடுதோறும் வழக்காடல் நடக்கின்றது. விடியுமுன் வண்டியேறி ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தாயும் தந்தையும் "எது எளிதோ அதை எடு" என்கின்றனர். அவர்தம் அன்பை நான் பழிக்கவில்லை. ஆனால், எளிது இது, அரிது அது என்று அவர்க்குச் சொன்னவர் யார்?

வணிகக் கணிதம் என்றால் வட்டிக் கணக்குந்தான் என்று பலர் எண்ணுகின்றனர். (கணிதம் என்பது பாடநூல் இட்ட பெயர், கணக்கு என்னும் நம் சொல் இருக்க, அஃது எதற்கோ!) நூலைத் திறந்து பாருங்கள். அணிகள் உண்டு, முக்கோணவியல் உண்டு, வகை நுண்கணக்கும் தொகை நுண்கணக்கும் உண்டு, நிகழ்தகவும் ஒட்டுறவும் உண்டு. கணக்கிற்கு அஞ்சி அங்கே ஓடியவன் அங்கும் கணக்கையே காண்பான்.

நம்மூர்த் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பச்சைக்காய் ஏறத்தாழ 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ ஏலம். அதனைச் சலித்துப் பருமன் பிரிப்பர். பின் இலிட்டர் அளவையில் நிரப்பி எடை பார்ப்பர். அக்மார்க்கு முறையில் மிகப் பருத்த காய் 7 மில்லிமீட்டரும், இலிட்டருக்கு 435 கிராமும் இருத்தல் வேண்டும். நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னேலத்தில் விலை திரையில் ஓடுகின்றது. (கூவி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியர் தந்த சொல், மலையில் விளையும் ஏலம் நம்முடையது. இரண்டும் ஒரே கூடத்தில் கூடியிருக்கின்றன!) 2019-இல் புற்றடியில் ஒரு குவியல் கிலோ 7,000 உருபாவுக்குப் போயிற்று. 2022-இல் நிரவல் விலை ஆயிரத்திற்கும் கீழே கிடந்தது. உச்சவிலையை மட்டும் கேட்டுக் கடன்வாங்கித் தோட்டம் குத்தகைக்கு எடுத்தவன் என்னாவான்? நிரவலும் பரவலும் கற்பிக்கும் வணிகக் கணக்கு இங்கே உயிர்காக்கும் கல்வி.

அதனை இழிந்தது என்பார் நம் வரலாறறியார். நெல்லும் நிலமும் பொன்னும் அளந்த கணக்கன்றோ காரிநாயனாரின் கணக்கதிகாரம்! முந்திரி என்பது 1/320, கீழ்முந்திரி 1/1,02,400. இத்துணை நுண்ணிய பின்னங்களுக்குப் பெயரிட்டவர்கள் அளந்து வாழ்ந்த மக்கள்.

உயர்கணக்கின் களம் வேறு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளில் ஏற்றம் எவ்வளவு, வளைவு எவ்வளவு எனின் ஊர்தி சறுக்காது என்று வரையறுப்பது அக்கணக்கு. இன்னொன்றும் சொல்வேன். பொட்டிப்புரத்து மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் இந்திய அரசு ஒப்புதலளித்தது. வெடிவைத்தால் மலை எவ்வளவு அதிரும் என்பதற்கு இருதிறத்தாரும் எண்களைக் காட்டினர். மலையடியில் வாழும் நம்மவருள் அவ்வெண்களைத் தாமே சரிபார்க்க வல்லார் எத்தனை பேர்? பிறர் கணக்கை நம்புவதோ மறுப்பதோ அன்றி, வேறு வழி நமக்கு இருந்ததா?

இனி, வாயில்களைப் பார்ப்போம். நம்மூரில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி உள்ளது. பொறியியல் கலந்தாய்வின் தரவரிசைக்குரிய 200 மதிப்பெண்ணில் கணக்கிற்கு மட்டும் 100. உயர்கணக்குக் கற்றவன் பின்னர் வணிகவியலுக்கும் புள்ளியியலுக்கும் வரலாம். வணிகப் பிரிவினன் பொறியியலுக்குச் செல்வது மிக அரிது. எனவே, மனம் இன்னும் உறுதிப்படாத பிள்ளை உயர்கணக்கை எடுப்பதே தக்கது. கணக்காயராகவோ வணிகராகவோ வேண்டும் எனத் தெளிந்த பிள்ளையை அயலார் பேச்சுக்காக அங்கே தள்ளாதீர்கள்.

ஆங்கிலத்தில்தான் உயர்கணக்கு வரும் என்பது வெறும் மருட்டல். இரு நூல்களும் தமிழில் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. அதே ஆண்டுச் சட்டம், தமிழ்வழிக் கற்றார்க்குத் தமிழ்நாட்டரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தந்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் இணையத்தளத்தில் இரு நூல்களும் விலையின்றிக் கிடைக்கும். சேருமுன், இரண்டிலும் முதல் இயலை இரண்டிரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விளங்காததைக் கணக்காசிரியரிடம் காட்டுங்கள். கணக்கே இல்லாத பிரிவு வேண்டும் என்போர், அதன்பின் என்னிடம் வாருங்கள், பேசுவோம். இப்போது உங்கள் வினாக்களைக் கேட்கலாம்.