ரொட்டிக்கும் ஒரு கணக்கு



நூற்றாண்டு விழாவில் வைத்தியம் பேசலாமா என்று தயங்கினேன். ஆனால் நம்மில் பலருடைய வீட்டில் இன்சுலின் இருக்கிறது. அதனால் பேசுகிறேன்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, காலையும் இரவும் கலவை இன்சுலின் போடுபவர், கிளினிக்குக்கு வந்தார். இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. "மாச்சாப்பாட்டைக் குறைங்க" என்றேன். எவ்வளவு என்று சொல்லவில்லை. அவர் காலை ரொட்டியையே விட்டுவிட்டார். ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் பிளேன்டீயோடு மலைக்குப் போனவர், வியர்த்து, கை நடுங்கி விழுந்தார். பக்கத்தில் நின்றவர்கள் தூக்கி வந்ததால் பிழைத்தார். பிறகு கேட்டார்: "நீங்க சொன்னபடிதானே குறைச்சேன், டொக்டர்?"

இதற்கான பதில் நாம் விஞ்ஞான பாடத்தில் படித்த காபோவைதரேற்றுதான். அது குளுக்கோசாகி இரத்தத்தில் சேர்கிறது. இன்சுலின் அதைக் கலங்களுக்குள் அனுப்புகிறது. மலை ஏறி இறங்கும் வேலையும் சீனியை இறக்கும். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் ஊசி மிஞ்சிவிடும்.

100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் காபோவைதரேற்று. அதில் இரண்டு ரொட்டி சுட்டால் ஒன்றில் 37 கிராமுக்குக் குறையாது. 450 கிராம் பாணில் ஏறத்தாழப் பாதி. 100 கிராம் சோற்றில் சுமார் 28. "சோற்றை விட்டுட்டேன், ரொட்டி மட்டும்தான்" என்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

வேளைக்கு வேளை விரைவு இன்சுலின் போடுபவர்கள், எத்தனை கிராமுக்கு ஓர் அலகு என்று தங்கள் வைத்தியரிடம் கேட்டு, தட்டுக்கு ஏற்ப ஊசியை அமைக்கலாம். கலவை இன்சுலினில் அலகு மாறாது. ஆகவே தட்டும் மாறக்கூடாது. தினமும் அதே நேரம், அதே அளவு.

அந்த அம்மா வீட்டில் மா அளக்கும் கோப்பையைக் கொண்டுவந்தார். இருவருமாக அளந்தோம். அன்றிலிருந்து அதே கோப்பை, அதே எண்ணிக்கை ரொட்டி. மலைக்குப் போகும்போது மடியில் ஒரு சீனிப் பொட்டலம்.

நடுக்கமோ வியர்வையோ வந்து, சீனி 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி குடியுங்கள். தேறியதும் சாப்பிடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பயந்து பட்டினி கிடக்காதீர்கள், ஊசியையும் நிறுத்தாதீர்கள். அளந்து சாப்பிடுங்கள். கணக்குச் சொல்லித்தந்த டிக்கோயா மண்ணுக்கு நன்றி.