வில்லங்கம்



சென்னைக்கு மேற்கே, கூவம் ஆற்றை ஒட்டி அமைந்தது திருவேற்காடு. வேல மரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் வேற்காடு என்னும் பெயர் உண்டாயிற்று என்பர். கருமாரியம்மன் கோயிலால் பலரும் அறிந்த அவ்வூரில், வயல்கள் மனைகளாக மாறிவந்த காலத்தில், என் தந்தையார் சிறிது நிலம் வாங்க விரும்பினார். வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த பணம் அவர் கையில் இருந்தது. அந்த நிலம் எனக்கு ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்பித்தது.

அப்போது நான் கல்லூரி மாணவன். வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவனே. விற்பவர் கொடுத்த பத்திர நகலில், 'என்கம்பரன்ஸ்' எதுவும் இல்லாத சொத்து என்று ஆங்கிலத்தில் கண்டிருந்தது. அகராதியைப் புரட்டினேன். சுமை, பாரம் என்றிருந்தது. "நிலத்தின்மேல் சுமை ஒன்றும் இல்லையாம், அப்பா" என்றேன். "நிலத்தின்மேல் யாரடா மூட்டையை இறக்கி வைப்பார்கள்?" என்று அவர் சிரித்தார். பின்னர்ச் சார்பதிவாளர் அலுவலகத்துச் சான்றிதழ் வந்தது. அதில் 'நில்' என்று எழுதியிருந்தது. "ஒன்றுமே இல்லை, முன்பணம் கொடுத்துவிடலாம்" என்று தீர்ப்பும் கூறிவிட்டேன்.

நல்ல வேளையாகத் தந்தையார் முதிய பத்திர எழுத்தர் ஒருவரை நாடினார். அவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, ஆங்கிலத்தில் 'நில்' என்றால் ஒன்றுமில்லை. தமிழில் என்ன பொருள்? இந்த இடத்தில் தமிழ்ப் பொருளையே கொள். சற்று நின்று, எத்தனை ஆண்டுக்கு என்று பார்." பார்த்தேன், 10 ஆண்டுகளுக்கு மட்டுமே தேடியிருந்தார்கள். "நிலத்தில் இப்போது பயிர் செய்பவர் யார்?" என்று அடுத்துக் கேட்டார். யாரோ கீரை பயிரிடுவதை நாங்கள் கண்டதுண்டு; அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

30 ஆண்டுகளுக்கு மனுச் செய்தோம். உண்மை வெளியாயிற்று. 17 ஆண்டுகளுக்கு முன், விற்பவரின் தகப்பனார் அந்நிலத்தைப் போக்கியத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கடன் தீரும்வரை நிலத்தை அனுபவிக்கும் உரிமை, கீரை பயிரிட்டவருக்கே இருந்தது. விற்பவர் கடனைத் தீர்த்து, அதற்குரிய ரசீதைப் பதிவு செய்த பின்னரே கிரயம் நடந்தது.

அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆற்றின் குறுக்கே இடும் தடையைக் குறித்த சொல் ஒன்றே அதன் வேர். தடை நீரைக் கொண்டுபோய்விடுவதில்லை; அதன் போக்கை மறிக்கிறது. அவ்வாறே அடைமானம், போக்கியம், ஜப்தி போன்றவை நிலத்தின் உரிமையை அழிப்பதில்லை. அது தடையின்றிக் கைமாறுவதை மறிக்கின்றன. இதனை நம் மக்கள் 'வில்லங்கம்' என்கிறார்கள். குறுக்கிடுதல், தடுத்தல் என்னும் பொருளில் 'விலங்குதல்' என்ற பழந்தமிழ் வினை உண்டு. ஒலியிலும் பொருளிலும் வில்லங்கம் அதனருகே நிற்பதைக் காணுங்கள். நான் அகராதியில் தேடிய சொல் எங்கள் தெருவிலேயே வழங்கிவந்தது!

வில்லங்கச் சான்றிதழ் எதைச் சொல்லும்? கேட்ட ஆண்டுகளுக்குள், அச்சொத்தைப் பற்றிப் பதிவேடுகளில் ஏறிய நடவடிக்கைகளை மட்டுமே சொல்லும். ஏறாதவற்றை அது அறியாது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி உயிலைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்பதில்லை. தம் உரிமையில் தமக்குத் தெரிந்த முக்கியக் குறையை விற்பவர் மறைத்தல் ஆகாது என்று 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் விதிக்கிறது. எனினும் சட்டம் நம் சார்பில் போய்க் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர் வாங்குபவரே. அடைமானத்தை மீட்க வழக்கிடுவதற்கு 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. முதியவர் 30 ஆண்டுக்குத் தேடச் சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இக்காலத்தில் வில்லங்க விவரத்தை இணையத்தின் வழியே வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால், நிலத்தில் நின்று பயிர் செய்பவரைக் கேட்கும் வேலை இன்றும் நம்முடையதே.

மாணவர்களே, அகராதி ஒரு சொல்லின் வாசல்வரை நம்மை அழைத்துச் செல்லும். உள்ளே போய், அச்சொல்லை நாள்தோறும் ஆளுகின்றவரிடம் கேட்டால்தான் அது நம்முடையதாகும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் ஒருநாள் ஒரு பத்திரத்தை நீட்டி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். தெரிந்ததுபோல் உடனே சொல்லிவிடாதீர்கள். சற்று நில்லுங்கள்.