நாவறுக்கப்பட்ட கொசிரா



கடலினின்று எழுந்து நகர்களை மிதித்துத் துவைக்கும் பேருருவ விலங்கொன்றின் படத்தைக் காணாத நாடு இன்று அரிது. குழந்தைகள் கையில் பாவையாகவும், இளைஞர் உடுப்பில் ஓவியமாகவும் அஃது உலகெங்கும் உலவுகின்றது. அதனைக் 'காட்சில்லா' என்கின்றனர். அஃது அயலார் வாயில் திரிந்த பெயர். பிறந்த மண்ணில் அதன் பெயர் 'கொசிரா'. பெருங்குரங்கைக் குறிக்கும் 'கொரிரா', திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குசிரா' என்னும் இரண்டு சொற்களைப் பிணைத்துச் சப்பானியர் ஆக்கிய பெயர் அது. முன்னது கடன்சொல்லே, ஆயினும் அதனைத் தம் நாவிற்கு அடங்குமாறு வளைத்த பின்னரே அவர்கள் வீட்டிற்குள் விட்டனர் என்பதும் நினையத்தக்கது. இத்தகைய விலங்குகளை அவர்கள் 'கைசூ' என்பர். விந்தை விலங்கு என்பது பொருள். நம் முன்னோர் 'சூர்' என்று அஞ்சியதற்கு அது மிக அணுக்கமானது.

இவ்விலங்கு எங்ஙனம் பிறந்தது? 1945-இல் இரோசிமாவும் நாகசாகியும் அணுக்குண்டால் எரிந்தன. அதன்பின் சப்பானை ஆண்ட அமெரிக்கப் படையாட்சி, அக்குண்டுகள் விளைத்த கேட்டை எழுதவும் காட்டவும் கடுங்கட்டுப்பாடு விதித்தது. அவ்வாட்சி 1952 ஏப்பிரலிலேதான் நீங்கிற்று. வாய்விட்டு அழுவதற்கும் இசைவு பெற வேண்டியிருந்த மக்களின் தொண்டைக்குள் ஏழாண்டுத் துயர் திரண்டு கிடந்தது.

அந்நிலையில், 1954 மார்ச்சு 1-ஆம் நாள், பிகினிப் பவளத்தீவில் அமெரிக்கா நீரகக் குண்டொன்றை வெடித்தது. இரோசிமாவில் வீழ்ந்ததனினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றல் வாய்ந்தது அது. இடர்ப்பகுதியென்று வரையறுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே சூரைமீன் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு சப்பானிய மரக்கலம். 'தைகோ புக்குரியு மாரு' என்பது அதன் பெயர். நற்பேறு தரும் நாகம் என்னும் பொருளை உட்கொண்ட பெயர்! அக்கலத்தின்மேல் வெண்சாம்பல் மழையெனப் பொழிந்தது. கலத்திலிருந்த 23 பேரும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். கம்பியில்லாத் தொடர்பாளர் குபோயாமா அவ்வாண்டு செப்டம்பர் 23-இல் உயிர் நீத்தார். ஆறு கிழமைகள் கழிவதற்குள், நவம்பர் 3-ஆம் நாள், 'கொசிரா' திரைக்கு வந்தது. நீரகக் குண்டு ஆய்வுகளால் ஆழ்கடலில் துயில் கலைந்த விலங்கு தோக்கியோவை எரிக்கின்றது என்பதே கதை. தொடக்கக் காட்சியில், கடல்நடுவே ஓர் ஒளி வெடித்துக் கலமொன்று எரிகின்றது. அக்கலம் எதுவென்று அன்றைய சப்பானியர் எவர்க்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

படத்தை இயக்கிய இசிரோ ஓண்டா, படைவீரராகச் சீனம் சென்று, போர் முடிந்து திரும்பும் வழியில் பாழ்பட்ட இரோசிமாவைக் கண்ணாரக் கண்டவர். விந்தைக் காட்சிகளை அமைத்தவர் எய்சி சுபுராயா. அமெரிக்கரின் 'கிங்காங்கு' படத்தில் சிற்றுருவப் பாவையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்தனர். அதற்கு வேண்டிய காலமும் பொருளும் சுபுராயாவுக்கு இல்லை. ஆகவே, கனத்த தோலுடைக்குள் ஆளை நிறுத்தி, சிறிதாகச் செய்த நகரை மிதிக்கச் செய்தார். படப்பொறியை விரைந்து ஓட்டிப் பதிந்தமையால், திரையில் அவ்விலங்கின் நடை மலை அசைவதுபோல் தோன்றிற்று. உடைக்குள் வெந்து நடந்தவர் அருவோ நாகசிமா. 1972 வரை அவ்வுடையை அவர் அணிந்தார். அவ்விலங்கின் ஓலமோ, பெருநரம்புக் கருவியின் தந்தியைத் தளர்த்திப் பிசின் தடவிய தோலுறையால் தேய்த்துப் பெற்றது. அகிரா இபுக்குபே என்னும் இசைவல்லார் அதனைக் கண்டார். சப்பானில் 96 இலக்கம் பேர் அப்படத்தைப் பார்த்தனர்.

இனி, அது கடல் கடந்த கதையைக் கேளுங்கள். 1956-இல் அமெரிக்க வணிகர் அதனை வாங்கி, வெட்டி, இரேமண்டு பர் என்னும் நடிகரைச் செய்தியாளராக்கிப் புதுக்காட்சிகள் எடுத்து இடையிடையே ஒட்டினர். 96 மணித்துளிப் படம் 80 ஆகச் சுருங்கிற்று. தொடர்வண்டியில் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்த தனக்கு இதுவும் வந்ததே என்று நொந்துகொள்ளும் காட்சி வெட்டப்பட்டது. ஆய்வுகள் தொடர்ந்தால் இன்னொரு கொசிரா எழக்கூடும் என்னும் முதிய அறிஞரின் எச்சரிக்கை வெட்டப்பட்டது. அதற்கு மாறாக, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று வெள்ளைக்காரச் செய்தியாளர் முடித்து வைத்தார்! இன்னுங் கொடுமை ஒன்றுண்டு. பல இடங்களில் சப்பானியர் பேச்சு பெயர்க்கப்படாமலே விடப்பட்டது. அம்மக்கள் பேசினர், ஆனால் பொருள் சொன்னவர் வேறொருவர். அவர்கள் மொழி பின்னணி இரைச்சலாயிற்று. உலகின் பல நாடுகட்குச் சென்றது இந்த வெட்டுப்படமே. 1957-இல் அது சப்பானுக்கும் திரும்பி வந்தது. பெற்ற தாய், பிறர் உடுப்பில் வந்த மகனைக் காசு கொடுத்துப் பார்த்தாள்.

ஒருமுறை திரிந்தது பின் நிற்கவில்லை. இரண்டாம் படத்திற்கு 1959-இல் அமெரிக்கர் 'கைகாண்டிசு' என்று பெயரிட்டு, கொசிராவின் பெயரையே பறித்தனர். செருமனியிலோ, சப்பானிய விலங்குப் படங்கள் பலவற்றின் தலைப்பில் 'பிராங்கன்சுடைன்' என்னும் பெயர் ஏறிற்று. அப்பெயர்க்கும் கதைக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. 1961-இல் இங்கிலாந்தும் தென்மார்க்கும், 1967-இல் தென்கொரியாவும் தத்தம் பெருவிலங்குகளைப் படைத்தன. வடகொரியா, தென்னாட்டிலிருந்து கடத்திவரப்பட்ட சின் சாங்ஓக்கு என்னும் இயக்குநரைக்கொண்டு, சப்பானிய வல்லுநரையும் வரவழைத்து, 1985-இல் 'புல்காசரி'யை எடுத்தது.

பழி முழுவதையும் அயலார்மேல் ஏற்றுதல் நேர்மையாகாது. தோகோ நிறுவனமே, பணம் கண்டபின், துயரின் வடிவத்தை மற்போர் வீரனாக்கிற்று. 1965-ஆம் ஆண்டுப் படத்தில் கொசிரா துள்ளிக் கூத்தாடியது! குழந்தைகள் சிரித்தனர். குபோயாமா இறந்து பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்தன.

வெட்டப்படாத முதற்படம், அடியில் எழுதிய பெயர்ப்புரையுடன், அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாகக் காட்டப்பட்டது 2004-இல். ஐம்பது ஆண்டு கழித்து. 2011-இல் புக்குசிமா அணுவுலை வெடித்தபின், 2016-இல் இதேயாக்கி அன்னோ, சிஞ்சி இகுச்சி இருவரும் எடுத்த படம் பழைய அச்சத்தை மீண்டும் எழுப்பியது. 2023-இல் தக்காசி யமசாக்கியின் படம், போர் முடிந்த சப்பானையே களமாகக்கொண்டு வந்தது. இம்முறை எவரும் அதன் நாவை அறுக்கவில்லை. அமெரிக்க அரங்குகளில் சப்பானிய மொழியிலேயே ஓடி, ஐந்து கோடித் தாலருக்கு மேல் ஈட்டிற்று. 2024-இல் காட்சி விந்தைக்கான ஆசுக்கர் பரிசும் பெற்றது. அப்பிரிவில் ஒரு சப்பானியப் படம் வென்றது அதுவே முதன்முறை. 'கைசூ' என்னும் சொல்லையோ ஆங்கிலேயரும் அமெரிக்கரும் இன்று பெயர்க்காமல் அப்படியே வழங்குகின்றனர்.

அந்த மீன்கலம் என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றும். பின்னாளில் அது பயிற்சிக் கலமாக உழைத்து, 1967-இல் கைவிடப்பட்டு, குப்பை கொட்டி மேடாக்கிய தோக்கியோவின் 'யுமெனோசிமா'வில் சேற்றில் சாய்ந்து கிடந்தது. கனவுத்தீவு என்பது அப்பெயரின் பொருள். பொதுமக்கள் கிளர்ந்து அதனைக் காத்தனர். 1976 முதல் அங்கேயே ஒரு மண்டபத்தில் நிற்கின்றது. பலகைகள் கறுத்திருக்கின்றன, முகப்பில் அதன் பெயர் சப்பானிய எழுத்தில் உள்ளது.